தாம் மறுத்த தீர்ப்பைத் தாமே ஏற்றவர்

ஒரு வழக்கில் நீதிமன்றம் வகுத்த சட்டக் கொள்கையைப் பின்வரும் ஒத்த வழக்குகளிற் பின்பற்றுவது முன்தீர்ப்பு முறை எனப்படும். முன்தீர்ப்பிலுள்ள எல்லாச் சொற்களும் பின்வருவோரைக் கட்டுப்படுத்துவன அல்ல. முடிவுக்கு இன்றியமையாத காரணமே கட்டுப்படுத்தும். இடையே கூறப்பட்ட கருத்துகள் மதிக்கப்படும், அவ்வளவே. இவற்றையெல்லாம் சட்டநூல்கள் கூறும். ஆயின், தாம் பிழையெனக் கருதிய முன்தீர்ப்பொன்று தம்முன் வருமிடத்து நீதியரசர் யாது செய்கின்றார் என்பதிலேதான் இம்முறையின் வலிமை புலப்படும். இந்திய உச்ச நீதிமன்றத்தின் வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

கேரளத்து எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், 1973 ஏப்ரல் 24 ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. விசாரித்த நீதியரசர் பதின்மூவர். முடிவு ஏழுக்கு ஆறு. அரசியலமைப்பைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, எனினும் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க அதிகாரம் இல்லை என எழுவர் கூறினர். உடன்படாத அறுவருள் ஏ. என். ரே, கே. கே. மத்தியூ, எம். எச். பேக், ஒய். வி. சந்திரசூட் ஆகியோர் இருந்தனர்.

ஒரே ஒருவரின் வேறுபாட்டால் நின்ற தீர்ப்பு எத்துணைக் காலம் நிலைக்கும்? சோதனை விரைவிலே வந்தது. 1975 ஜூனில் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது எனத் தீர்த்தது. அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் ஆராயலாகாது என்றும், முன்னைய தீர்ப்பு வலிதற்றது என்றும் ஓகஸ்டில் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. மேன்முறையீட்டை ஐவர் கேட்டனர். அவருள் நால்வர் மேற்கூறிய நால்வரே, எச். ஆர். கன்னா ஒருவரே 1973 இன் பெரும்பான்மையைச் சேர்ந்தவர்.

பழைய கருத்தை மீண்டும் எழுதுதற்கு இதனினும் வாய்ப்பான வேளை வேறில்லை. ஆயினும் மத்தியூவும் சந்திரசூட்டும் அதனைச் செய்திலர். பதின்மூவர் குழாத்தின் முடிவு ஐவரைக் கட்டுப்படுத்தும் என்ற நெறியில் நின்று, தாம் மறுத்த கொள்கையைத் தாமே அளவுகோலாகக் கொண்டனர். நவம்பர் 7 இல் அத்திருத்தத்தின் அவ்வாசகம் செல்லாததாயிற்று. பிரதமரின் தேர்தலோ வேறு காரணத்தால், அதாவது முன்தேதியிட்டு மாற்றப்பட்ட தேர்தற் சட்டத்தால், நிலைபெற்றது. வழக்கில் வென்றவர் பிரதமர். சட்டத்தில் வென்றது முன்தீர்ப்பு.

அரசாங்கம் இதனை உணராமலில்லை. மூன்றே நாளில், 1973 இன் தீர்ப்பை மீளாய்வதற்குத் தலைமை நீதியரசர் ரே மீண்டும் பதின்மூவரை அமர்த்தினார். வழக்கறிஞர் நானி பல்கிவாலா கடுமையாக எதிர்த்து வாதாடினார். இரண்டு நாள் வாதத்தின் பின், நவம்பர் 12 இல் அக்குழாம் கலைக்கப்பட்டது.

1976 இல் வந்த 42 ஆவது திருத்தம், திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என வெளிப்படையாகக் கூறிற்று. 1980 இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அதனைச் செல்லாதாக்கிய பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், அப்போது தலைமை நீதியரசராயிருந்த அதே சந்திரசூட். வெறுமனே பழையதைத் திருப்பிச் சொன்னாரல்லர். திருத்தும் அதிகாரம் எல்லைக்குட்பட்டிருப்பதே அடிப்படைக் கட்டமைப்பின் ஒரு கூறு என அதனை மேலும் விரித்தார். 2007 இல், தமிழ்நாட்டுக் கூடலூர் ஜன்மி நிலச் சட்டம் பற்றிய வழக்கில், ஒன்பது நீதியரசர் ஒருமனதாக அக்கொள்கையை உறுதிப்படுத்தினர். 1973 ஏப்ரல் 24 இன் பின் ஒன்பதாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் அதனால் அளந்து பார்க்கலாம் என்றனர்.

இந்திய எல்லைக்கு வெளியே அத்தீர்ப்பு எவரையும் கட்டுப்படுத்துவதன்று. நியாயத்தால் இணங்கச் செய்யலாம், அவ்வளவே. இலங்கையில் 1987 இல், மாகாண சபைகளுக்கான 13 ஆவது திருத்தம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது இவ்வாதம் எடுத்துரைக்கப்பட்டது. பிரதம நீதியரசர் சர்வானந்தாவும் அவரோடிசைந்த மூவரும் அதனை ஏற்றிலர். திருத்தும் முறையை இலங்கை அரசியலமைப்பே, மூன்றிலிரண்டு வாக்கும் வேண்டுமிடத்து மக்கள் தீர்ப்பும் என, வகுத்துள்ளது என்பது அவர்கள் காட்டிய காரணம்.