கண்ணாடியில் நிற்கும் எழுத்து



பத்தாண்டுகளாகக் கவிதை படைத்தும் கேட்டும் வளர்ந்துள்ள இவ்வவையில், கவிஞர் அல்லாத எளிய குடியானவர் சிலர் விட்டுச்சென்ற எழுத்தைப் பற்றிப் பேச விழைகின்றேன். அவ்வெழுத்தைத் தாங்கி நிற்பது ஸ்காட்லாந்தின் வடபகுதியில் உள்ள குரோயிக் என்னும் சிற்றூர். ஆர்ட்கே என்ற ஊரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 10 மைல் சென்றால் அதனை அடையலாம்.

அங்குக் காணத்தக்கவை மூன்று. ஒன்று, கல்லறைத் தோட்டத்தை ஒட்டிச் சிதைந்து கிடக்கும் இரும்புக்கால வட்டக் கற்கோட்டை. மற்றொன்று, 1827ஆம் ஆண்டளவில் எழுந்த தேவாலயம். மலைநாட்டு மக்களுக்கென அரசுப் பணத்தில், பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் கட்டப்பெற்ற 32 தேவாலயங்களுள் அதுவும் ஒன்று. மூன்றாவது, அத்தேவாலயத்தின் கிழக்குச் சாளரம். அதன் சாய்சதுரக் கண்ணாடிகளில், வெளிப்புறமாக நின்று கீறிய சில வரிகள் உள்ளன.

அவ்வரிகளுக்குப் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே, ஆட்டுப் பண்ணைகள் மிகுந்த குத்தகை தரும் என்று கண்ட நிலக்கிழார்கள், மலைநாட்டுக் குடிகளைத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணிலிருந்து வெளியேற்றலாயினர். குரோயிக்கை அடுத்த கிளென்கால்வி பள்ளத்தாக்கிற்கும் அந்நாள் வந்தது. 1842இல் வெளியேற்ற ஆணைகள் வந்தபோது பெண்கள் அவற்றைத் தீயிலிட்டனர். எனினும் 1845 மே மாதத்தில் 18 குடும்பங்களைச் சார்ந்த ஏறத்தாழ 90 பேர் வீடிழந்தனர். நிலத்திற்குரியவர் படைப்பணியில் தொலைதூர ஆஸ்திரேலியாவில் இருந்தார். இங்கே ஆணையை நிறைவேற்றியவர் அவருடைய காரியஸ்தர்.

வெளியேறியோர் பலர் தங்கியது தேவாலயத்தின் உள்ளே அன்று. அதன் கல்லறைத் தோட்டத்தில். கழிகளின்மேல் தார்ப்பாய் விரித்து, போர்வைகளாலும் கம்பளிகளாலும் பக்கங்களை மறைத்து, குழந்தைகளோடு குளிரைக் கழித்தனர். இலண்டன் 'தி டைம்ஸ்' இதழின் செய்தியாளர் நேரில் வந்து எழுதிய செய்தி நாடெங்கும் பரவியது. ஆயினும் அம்மக்கள் தம் ஊருக்குத் திரும்பவில்லை.

அவர்கள் வீட்டில் பேசிய மொழி கேலிக். கண்ணாடியில் கீறியதோ ஆங்கிலம். தாம் யார், எங்கே இருந்தோம், எந்த நாளில் என்பனவே அவ்வரிகளிற் பெரும்பகுதி. உவமை இல்லை; அணி இல்லை. ஆனால் ஓரிடத்தில், கிளென்கால்வி மக்களைத் தீய தலைமுறையினர் என்று குறிக்கும் தொடர் உள்ளது. தம் மீதே அவர்கள் சாற்றிக்கொண்ட பழி அது என்றே பலரும் பொருள் கொள்வர். துன்பம் பாவத்தின் விளைவு என்ற போதனை மலைநாட்டில் பரவியிருந்த காலம் அது. வீட்டைப் பறித்தவன் மீது சாற்ற வேண்டிய குற்றத்தை, பறிகொடுத்தவன் தன் தலையில் ஏற்றிக்கொள்கின்றான். வெளியேற்றத்தினும் கொடியது இதுவே என்பது என் துணிபு.

கோட்டை கட்டியோரின் பெயர் நமக்குத் தெரியாது. தேவாலயமோ, எழுந்த 18 ஆண்டுகளிலேயே தன் மக்களுட் பலரை இழந்தது. எளிதில் உடையும் கண்ணாடி மட்டும் அவர்களுக்குச் சான்றாக நிற்கின்றது.

கவிஞர் பெருமக்களே! பெயரையும் இடத்தையும் நாளையும் பிழையின்றிப் பதிந்துவைப்பதும் எழுத்தின் கடமையே. அதற்கு மேலும் ஒன்று உண்டு: துன்புற்றவன் தன்னையே நொந்துகொள்ளும்போது, பழி யாருடையது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பது. கிளென்கால்வி மக்கள் முன்னதைத் தாமே செய்தனர். பின்னதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்.