சாயம் பூசுவது அப்புறம்!

(பட்டிமன்றத் தலைப்பு: நல்ல எழுத்து வருவது பிறவித் திறமையாலா, பயிற்சியாலா? ‘பயிற்சியால்தான்’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், “பாரதிக்குப் பதினோரு வயதில் பட்டம் கிடைத்ததே, அது பிறவித் திறமை இல்லாமல் வேறென்ன?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். (சிரிப்பு) ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் 1904-ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்த்துத் தள்ளினாரே, அந்த உழைப்பை யார் கணக்கில் எழுதுவது? அரிசி பிறவியிலேயே சீரகச் சம்பாதான். அதற்காகத் தேக்சாவில் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஆம்பூர் பிரியாணி ஆகிவிடுமா? தம் போட வேண்டாமா? (கைதட்டல்)

நான் பாலாற்றங்கரைக்காரன். எங்கள் பக்கத்துச் சாட்சி ஒருவர் போதும். மு.வ.! 1912-ல் பிறந்தவர். வேலம் கிராமத்துப் பிள்ளை. திருப்பத்தூரில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டார். தமிழைத் தனியாகப் படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்றார். அப்புறம் பள்ளிக்கூடத் தமிழாசிரியர், பச்சையப்பன் கல்லூரி, 1948-ல் டாக்டர் பட்டம், 1961-ல் ‘அகல் விளக்கு’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு. இதில் எந்தப் படி பிறவியில் வந்தது?

அவருடைய திருக்குறள் தெளிவுரையை எடுங்கள். சட்டைப் பையில் அடங்கும். பரிமேலழகர் உரையைப் படிக்க நமக்கு இன்னொரு உரை வேண்டும். (சிரிப்பு) மு.வ.வோ ஒரு குறளுக்கு ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. அத்தனை உரைகளையும் கரைத்துக் குடித்தவருக்குச் சொல்ல விஷயமா இல்லை? தெரிந்ததையெல்லாம் கொட்டாமல் கையைக் கட்டுவதுதான் கஷ்டம். 1330 இடத்திலும் கட்டினார்!

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது புரியும். தோல் உப்போடு வரும். ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் எடுப்பார்கள். சுண்ணாம்பில் போட்டு மயிரை எடுப்பார்கள். உட்புறம் ஒட்டிய சதையைச் சீவி எடுப்பார்கள். அப்புறம் அந்தச் சுண்ணாம்பையும் எடுப்பார்கள்! அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை, கடுக்காய்; பிறகு குரோமியம். எதுவானாலும் சேர்ப்பது அதற்குப் பிறகுதான். (பாலாறு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள், 1996-லேயே உச்ச நீதிமன்றம் கேட்டுவிட்டது.) நாம் பேனாவைப் பிடித்ததும் என்ன செய்கிறோம்? சதையைச் சீவாமலே சாயம் பூசுகிறோம்! (கைதட்டல்)

என்னிடம் ஒரு பெண் படித்தாள். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். ‘அன்னை’ என்று கட்டுரை கேட்டேன். அமுதக் கடலே, அன்புச் சுடரே என்று மூன்று பக்கம். அவள் அம்மாவை மட்டும் அதில் காணோம்!

“ஏம்மா, உங்கம்மா சாயங்காலம் வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?”

“கையை மோந்து பார்ப்பாங்க ஐயா. பசை வாசனை போயிடுச்சான்னு பார்த்துட்டுத்தான் தம்பியைத் தூக்குவாங்க.”

“அதை எழுது.”

“அதெல்லாம் கட்டுரையா ஐயா? எங்க வீட்ல யாரும் படிச்சவங்க இல்ல. எனக்கு எழுத வராது.”

பார்த்தீர்களா? எதிரணி இங்கே சிரித்துக்கொண்டு சொல்வதை அந்தப் பெண் நம்பிக்கொண்டிருக்கிறாள்! நான் விடவில்லை. நாலு தடவை திருப்பி எழுத வைத்தேன். அமுதக் கடல் போயிற்று, சுடர் போயிற்று. மூன்று பக்கம் முக்கால் பக்கம் ஆயிற்று. வீட்டில் படித்துக் காட்டினாளாம். அந்தத் தாய், “இன்னொரு வாட்டி படி” என்றாராம். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, “பிறவியே” என்று தீர்ப்பெழுத நீங்கள் பேனாவைத் திறந்தால், அந்த இரண்டு பேரும் இந்நேரம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். மணியை அடித்துவிட்டீர்கள். அமர்கிறேன்.