கிராமக் கலைஞரும் கண்காட்சியும்

(ஊராட்சி ஒன்றியக் கூட்ட மண்டபத்தில் ஓவியர்களும் சுடுமண் சிற்பிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

இம்மண்டபத்தில் நாம் கூடுவது புதிதன்று. குடிநீர், சாலை, வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். படம் எழுதுவோரையும் மண்ணில் உருவம் சமைப்போரையும் முன்வரிசையில் அமர்த்திக் கூடுவது இதுவே முதல் முறை. இதனை எங்கள் பெருமையாகக் கூறவில்லை. இத்தனை காலம் தாழ்த்தியதற்கு வருத்தம் தெரிவிக்கும் முறையிலேயே கூறுகிறோம். 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் தொடங்கியபோது, உழவும் கால்நடையும் கல்வியும் கைத்தொழிலும் ஒரே இடத்தில் கவனிக்கப்பெற வேண்டும் என்பதே அதன் எண்ணமாக இருந்தது. கைத்தொழில் என்ற தலைப்புக்குள் நாங்கள் கலைஞரையும் அடக்கினோம். அடக்கியபின் மறந்தும் போனோம்.

நம் சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் புரவியெடுப்பு என்னும் விழாவை அறியாதார் இல்லை. ஐயனாருக்குக் குதிரை எடுப்பதென்று ஊர் கூடித் தீர்மானித்தால், முதலில் நடப்பது என்ன? வேளாரை அழைத்து, ஊர்ப் பெரியவர்கள் அவர் கையில் பிடிமண் கொடுக்கிறார்கள். அந்த ஒரு பிடி மண் வெறும் சடங்கன்று. “இக்குதிரைக்கு நாங்கள் பொறுப்பு, நீ வேலையைத் தொடங்கலாம்” என்று ஊரார் தரும் உறுதி அது. மண்ணோடு முன்பணமும் நெல்லும் கொடுப்பது வழக்கம். குதிரை முடிந்தபின் ஊரே மேளதாளத்தோடு அதனைச் சுமந்து செல்கிறது. வழியில் கால் ஒடிந்தால் அது ஊராரின் கவலையே தவிர வேளாரின் கவலையன்று. புதுக்கோட்டைக்கு அருகே நமணசமுத்திரத்து ஐயனார் கோயிலில், பாதையோரமாக வரிசை வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகள் இவ்வாறு வந்தவையே. அவற்றைக் காண வெளிநாட்டாரும் வருகின்றனர். நிதியுதவி, கண்காட்சி என்று இன்று நாம் பேசும் இரண்டும் அவ்விழாவிலேயே அடங்கியிருந்தன.

இதனை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் ஒன்றியத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரை வடநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினோம். விண்ணப்பத்தில் கையொப்பமிட்டதும் நாங்களே. இதே மண்டபத்தில் பொன்னாடை போர்த்தியதும் நாங்களே. இரண்டரை அடி உயரத்தில் 11 குதிரைகள் செய்து, வைக்கோல் திணித்து, லாரியில் ஏற்றினார். இறக்கும்போது நான்கு உடைந்திருந்தன. விற்றவை மூன்று. மீதி நான்கையும் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர லாரி வாடகை இன்றி, பாதி விலைக்கு அங்கேயே விட்டு வந்தார். பயணப்படி ஏழு மாதம் கழித்துக் கிடைத்தது. அதற்குள் அவர் வட்டிக்கு வாங்கியிருந்த 18,000 ரூபாய், வட்டியும் சேர்ந்து, படியை விழுங்கிவிட்டது. அவருடைய மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு மீண்டும் ஓர் அழைப்பு வந்தபோது, மகிழ்ச்சியோடு அவர் வீட்டுக்கே சென்றோம். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். பின்பு, “ஐயா, ஊருல பிடிமண்ணைக் குடுத்துட்டுக் குதிரையைக் கேப்பாக. நீங்க குதிரையைக் கொண்டா, பிடிமண்ணை அப்புறம் பாப்போம்ங்கிறீக” என்றார். அதற்கு மறுமொழி கூற எங்களிடம் ஒன்றும் இல்லை. அன்றுமுதல் நாங்கள் எண்ணிப் பார்த்தவற்றையே இங்குக் கூறுகிறோம்.

உதவிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞர்க்கு அடையாள அட்டை வழங்குகிறது. அரசுக் கைவினைக் கண்காட்சிகள் பலவற்றில் இடம் பெற அவ்வட்டையே முதற்படி. மாநில அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில், தொடக்கத்தில் வகுத்த விதிப்படி, 25 வகைத் தொழில் செய்வோருக்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதாவது அதிக அளவாக 50,000 ரூபாய் மானியமும் உண்டு. மண்பாண்டமும் சுடுமண் வேலையும் அப்பட்டியலில் உள்ளன. ஆயின் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். படிப்பும் பயிற்சியும் பெற்ற ஓவியர், சிற்பிகளுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் உதவித்தொகைகள் உள்ளன: 18 முதல் 25 வயது வரை உள்ள இளைஞருக்கு மாதம் 5,000 ரூபாய், 25 முதல் 40 வரை இளநிலை ஆய்வு நல்கை மாதம் 10,000, அதற்கு மேற்பட்ட வயதினருக்கு முதுநிலை நல்கை மாதம் 20,000. மூன்றும் இரண்டாண்டுகளுக்கு வழங்கப்படுபவை. 1954-இல் நிறுவப்பெற்ற லலித் கலா அகாதெமியின் சென்னை மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. அங்கே காட்சிக்கூடமும் உண்டு, வேலை செய்வதற்குரிய பட்டறைகளும் உண்டு. நம் ஒன்றியத்திலிருந்து கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிக்குச் சென்று படித்துத் திரும்பிய இளைஞர் இருவர் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்நல்கைகளின் பெயரே தெரியாது என்பதைச் சென்ற வாரந்தான் அறிந்தோம். அது அவர்கள் குற்றமன்று.

இனி, பணம் இருந்தும் உதவாமற் போவது எப்படி என்பதைக் கவனிக்க வேண்டும். இது காலக் கணக்கைப் பொறுத்தது. அரியானாவில் சூரஜ்குண்டு என்னும் ஊரில் 1987 முதல் நடந்து வரும் பெரிய கைவினைச் சந்தை பிப்ரவரி மாதத்தில் கூடுவது. பிப்ரவரியில் குதிரை வேண்டுமானால் எப்போது செய்வது? களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் கால்களை நிறுத்தி, அவை சற்று இறுகியபின் வயிறு, கழுத்து, தலை என்று நாட்கணக்கில் ஏற்றிச் செல்ல வேண்டும். பிறகு நிழலில் உலர வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை. அப்போது மண்ணும் உலராது, வைக்கோலும் வறட்டியும் நனைந்து கிடக்கும். ஆகவே புரட்டாசிக்குள் சூளை பிரித்தாக வேண்டும். அதற்கு ஆனி, ஆடியிலேயே மண்ணும் விறகும் கூலியும் கையில் இருக்க வேண்டும். கண்மாயில் நீர் வற்றி, மண் எடுக்கத் தோதான காலமும் அதுவே. கண்காட்சிக் கடிதமோ மார்கழியில் வருகிறது! கடிதம் எழுதுவோர் சூளையைக் கண்டதில்லை போலும்.

மண் எடுப்பதில் இருந்த தொல்லை ஓரளவு நீங்கியிருக்கிறது. கண்மாய், ஏரிகளிலிருந்து மண்பாண்டத் தொழிலுக்காக மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என்று 2024-இல் அரசு ஆணையிட்டது. ஊராட்சிச் செயலர்கள் சித்திரை மாதத்திலேயே வேளார் குடும்பங்களிடம் விண்ணப்பம் வாங்கி, வட்டாட்சியர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். வேளார் தாமே வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது கூடாது.

முன்பணத்திற்கு வழி என்ன? எங்கள் அலுவலகத்தில் அதற்கென ஒரு தலைப்பு இல்லை. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் மகளிர் சுய உதவிக் குழுக்களும் அவற்றின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் இருக்கின்றன. மண் மிதிப்பதும் வர்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. ஆயினும் குதிரை செய்தவர் யார் என்ற கேள்விக்கு ஆண் பெயர் ஒன்றே எழுதப்பட்டு வந்தது. சென்ற ஆண்டு வேளார் தெருவைச் சேர்ந்த இரு குழுப் பெண்களுக்குக் கூட்டமைப்பின் கடனாக ஆடியிலேயே 40,000 ரூபாய் கிடைத்தது. குழுவின் பெயரிலேயே சரஸ் கண்காட்சியில் கடை போட்டார்கள். சாண் உயரக் குதிரைகள் முழுவதும் விற்றன. பெரிய குதிரைகள் இரண்டும் திரும்பி வந்தன. கடன் அடைந்தது, கையில் மிஞ்சியது அதிகமில்லை. நாம் முன்பு கூறிய பெரியவர் அச்சிறு குதிரைகளைக் கையில் எடுத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அலமாரிக்கென்று குதிரை குறுகுவது எங்களுக்கும் உவப்பாக இல்லை. ஆனால் பெரிய குதிரையைத் தாங்குவது நகரத்துச் சந்தையன்று, ஊர்தான். புரவியெடுப்பு நின்றுபோன ஊர்கள் இங்கே சில உள்ளன. அவ்வூர்ப் பெரியவர்கள் இதனை எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஓவியர்களின் நிலை வேறு. துணியில் பெரிய விளம்பரம் எழுதிய கைகள், பிளெக்ஸ் அச்சு வந்தபின் வேலையற்றுப் போயின. அவர்களுக்கு இன்று மிகுதியாக வேலை கொடுப்பவர் யார்? நாங்களே! பள்ளிச் சுவர், அங்கன்வாடி, திட்ட விளக்கப் பலகை என்று ஆண்டு முழுவதும் எழுதச் சொல்கிறோம். சதுர அடிக் கணக்கில் கூலி. அதுவும் மாதங்கள் கழித்து. சுவரில் திட்டத்தின் பெயர், நிதியாண்டு, மதிப்பீட்டுத் தொகை எல்லாம் இருக்கும். எழுதியவர் பெயர் மட்டும் இராது. இனி நம் ஒன்றியத்தில் சுவர் ஓவியம் எதுவாயினும் ஓரத்தில் ஓவியர் பெயரும் ஊரும் எழுத இடம் விடப்படும். வேலை முடிந்த 15 நாளுக்குள் பட்டியல் எங்கள் மேசைக்கு வரவேண்டும் என்று பொறியாளருக்கும் சொல்லியிருக்கிறோம். இதற்குத் தனி ஆணை ஒன்றும் தேவைப்படவில்லை.

கூட்டாகச் சேர்ந்து கலைஞர்கள் சாதித்ததற்குச் சான்று வேண்டுவோர் ஈஞ்சம்பாக்கம் சென்று பார்க்கலாம். 1966-இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே தோன்றியது. நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பத்திக் முறையில் சாயமிட்ட துணி முதலிய கைவேலைகளைச் செய்து விற்றுச் சேர்த்தார்கள். கைவேலை சோறு போடட்டும், ஓவியத்தை விலைக்காக வளைக்க வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. படித்த ஓவியர்கள் கைவேலையைத் தாழ்வாக எண்ணவில்லை என்பதை இங்குள்ள இளைஞர்கள் கருத வேண்டும்.

இன்னொரு செய்தி. பங்கேற்புக் கட்டணம் கேட்டு, விருதும் சான்றிதழும் தருவதாக இளைஞர்களின் கைப்பேசிக்குச் செய்திகள் வருகின்றன. படத்தை வாங்குவோர் ஒருவரும் அங்கே வருவதில்லை. கட்டணம் வாங்குவோர் மட்டும் இருக்கிறார்கள். எந்த அழைப்பாயினும் ஏற்றுமதிச் செலவு யாருடையது, உடைந்தால் யார் பொறுப்பு, விற்ற பணம் எந்நாளில் கைக்கு வரும் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கேட்கத் தயங்கினால் எங்களிடம் கொடுங்கள். அலுவலகத் தாளில் நாங்கள் எழுதிக் கேட்கிறோம். அன்று அந்தப் பெரியவருக்காக நாங்கள் கேட்கத் தவறிய கேள்விகள் இவையே.

இம்மாதம் முதல் வியாழக்கிழமை தோறும் காலை 10 மணிமுதல் உதவியாளர் ஒருவர் வாயிற்புறத் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பார். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், நீங்கள் செய்தவற்றின் படங்கள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். படம் எடுக்கும்போது உருவத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி எடுங்கள்; உயரம் தெரியாமல் விண்ணப்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. நல்கை விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் எழுதித் தருவதற்கு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அன்புடன் இசைந்திருக்கிறார். பெரியவரின் மகன் ஆடிக்கு ஊர் வருவதாக அறிகிறோம். அடையாள அட்டைக்கான படிவம் ஒன்றை அவர் பெயருக்கு எடுத்து வைத்திருக்கிறோம். மற்றவர்களுக்குரிய படிவங்கள் வாயிலருகே உள்ள மேசையில் இருக்கின்றன.