விலையில்லா வலை

(திண்டிவனத்தில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குகின்றேன். புளியமரங்கள் அடர்ந்திருந்தமையால் இவ்விடத்தைத் 'திந்திரிணி வனம்' என்றனர். அதுவே திண்டிவனம் எனத் திரிந்தது என்பர். 'புளியங்காடு' என்றால் நம் வீட்டுச் சிறு குழந்தைக்கும் பொருள் விளங்கும். திந்திரிணி என்றால் எவர்க்கு விளங்கும்? பெயர் சூட்டுகின்றவன், பொருளைப் பற்றிய எண்ணத்தையும் தானே சூட்டிவிடுகின்றான். இவ்வுண்மையை நம்மினும் நன்றாகக் கற்றவர்கள் யார் தெரியுமா? இன்றைய தொழில்நுட்பப் பெருநிறுவனங்கள்! அவற்றுள் ஒன்றாகிய முகநூல் நிறுவனம், 2015, 2016-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் தன்னைப் பற்றிய நல்லெண்ணத்தை எவ்வாறு வளர்க்க முயன்றது என்பதையே இன்று உங்கள்முன் விரித்துரைக்க வந்துள்ளேன்.

2015 பிப்ரவரியில், ரிலையன்சு தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு கைகோத்து, முகநூல் நிறுவனம் ஒரு திட்டத்தைக் கொணர்ந்தது. அதற்கு முதலில் இட்ட பெயர் 'இண்டர்நெட்.ஆர்க்'. 'ஆர்க்' என்னும் அவ்வீறு, பெரும்பாலும் அறநிறுவனங்கள் தமக்கு வைத்துக்கொள்வது. வணிகத்திற்கு அறத்தின் போர்வை! எதிர்ப்பு எழுந்ததும், அதே ஆண்டு செப்பட்டம்பரில் பெயர் மாறியது. 'பிரீ பேசிக்சு', அதாவது விலையில்லா அடிப்படைப் பணிகள் என்றாயிற்று. தமிழ்நாட்டிலும் அது நுழைந்தது, தமிழிலும் பேசியது. உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். தமிழில் பேசுகின்றவனெல்லாம் தமிழன் நலம் பேசுகின்றவன் அல்லன்.

அத்திட்டந்தான் யாது? திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு ஒருவன் கட்டணமின்றிப் பேருந்து விடுகின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டேரிப்பட்டிலும் விக்கிரவாண்டியிலும் அவன் ஏற்றுக்கொண்ட கடைகளின் வாயிலில் மட்டும் வண்டி நிற்கும். அவனுடைய சொந்தக் கடையிலோ கட்டாயம் நிற்கும். ஏழைப் பயணி, உலகமே அக்கடைகள்தாம் என்று எண்ணத் தலைப்படுவான். பிற கடைக்காரனோ அவன் விதிக்கும் கட்டுப்பாட்டுக்குத் தலைவணங்கியாக வேண்டும். இணையத்தின் ஒரு சில பக்கங்களை மட்டும் கட்டணமின்றித் திறந்துவிட்ட அத்திட்டத்தின் உள்ளீடு இதுவே. 'எவரும் வந்து சேரலாம்' என்று அந்நிறுவனம் விடை கூறியது உண்மைதான். ஆனால் சேர்வதற்குரிய வரையறையை வகுத்தவரும் அவரே. வாயிலில் நின்றவரும் அவரே.

இனி, அதனை மக்களிடம் பரப்பிய முறையைக் காணுங்கள்.

முதலாவது, கொடி. 2015 செப்பட்டம்பரில் இந்தியத் தலைமையமைச்சர் அந்நிறுவனத் தலைமையகத்திற்குச் சென்றார். நிறுவனர் மார்க்கு சக்கர்பெர்க்கு தம் படத்தின்மேல் மூவண்ணம் பூசிக்கொண்டார், நம்மவரும் பூசிக்கொண்டனர். அவ்வண்ணப்பூச்சின் கணினிக் குறிப்புக்குள் 'இண்டர்நெட்.ஆர்க்' என்னும் பெயர் கிடந்ததைச் சிலர் கண்டுபிடித்தனர். அது பொறியாளர் ஒருவர் வைத்த வெறும் குறியீடே என்றும், திட்டத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் நிறுவனம் மறுத்தது.

இரண்டாவது, உழவர். அவ்வாண்டு திசம்பரில் சக்கர்பெர்க்கு ஆங்கில நாளிதழ் ஒன்றில் கட்டுரை வரைந்தார். நூலகம், பொதுமருத்துவமனை, பள்ளி ஆகியவற்றோடு தம் திட்டத்தை ஒப்பிட்டார். மராட்டிய உழவர் ஒருவர் அதனால் வானிலையும் விளைபொருள் விலையும் அறிந்து பயனுற்றதாகக் கூறினார். நாளிதழ்களிலோ முழுப்பக்க விளம்பரங்கள் நிரம்பி வழிந்தன. நம் உழவர்க்கு இணையம் வேண்டாவா? வேண்டும், முழுமையாக வேண்டும்! ஆடு நனைகின்றதென்று ஓநாய் அழுத கதையை நாம் அறியாதவர்களா?

மூன்றாவதே பெருஞ்சூழ்ச்சி. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 திசம்பர் 9-ஆம் நாள் கலந்தாய்வு அறிக்கையொன்றை வெளியிட்டு, இணையப் பக்கத்திற்குப் பக்கம் வேறுவேறு கட்டணம் வாங்கலாமா என்று மக்களைக் கேட்டது. உடனே முகநூல் தன் பயனர்க்கு முன்னே ஒரு பொத்தானை வைத்தது. அதை அழுத்தினால் போதும். நிறுவனமே எழுதிவைத்த மடல், அழுத்தியவர் பெயரில் ஆணையத்திற்குச் செல்லும். ஏறத்தாழ 24 இலக்கம் கருத்துகள் குவிந்தன, அவற்றுள் 18.94 இலக்கம் முகநூல் வழியாக வந்த ஆதரவு மடல்கள். ஆனால், ஆணையம் கேட்ட நான்கு வினாக்களுக்கும் அவற்றில் விடையில்லை! கலந்தாய்வைத் திட்டமிட்டு நடத்திய தலையெண்ணிக்கையாக மாற்றிவிட்டீர் என்று ஆணையம் 2016 சனவரியில் அந்நிறுவனத்தைக் கடிந்து எழுதியது.

தோழர்களே! இங்குத்தான் என் நெஞ்சு வேகின்றது. நிலத்தை இழந்தால் மீட்கலாம். பொருளை இழந்தால் ஈட்டலாம். தன் சொல்லையே பிறன் எழுதித்தரக் கையொப்பமிடுகின்றவன் எதைக்கொண்டு எதை மீட்பான்? அம்மடல்களுக்குள் நம் இளைஞர் பெயர்களும் இருந்திருக்குமன்றோ!

ஆயினும் வாய்மை தோற்கவில்லை. பணமின்றி, பதாகையின்றி, இணைய நடுநிலை காக்கத் தன்னார்வலர்கள் நாடெங்கும் எழுந்தனர். 2016 பிப்ரவரி 8-ஆம் நாள், உள்ளடக்கத்திற்கேற்ப வேறுபட்ட கட்டணம் வாங்குவதை ஆணையம் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 உரூபா. உச்ச அளவு 50 இலக்கம். சில நாள்களில் முகநூல் அத்திட்டத்தை இந்தியாவில் நிறுத்திக்கொண்டது.

அப்போது முகமூடி சற்றே நழுவிற்று. அந்நிறுவன இயக்குநர் குழுவிலிருந்த மார்க்கு ஆண்டிரீசன், குடியேற்ற ஆட்சியை எதிர்த்ததே இந்தியரின் பொருளியலைக் கெடுத்தது என்னும் கருத்துப்பட எழுதினார். கண்டனம் எழவே அதனை நீக்கி மன்னிப்புக் கேட்டார். சக்கர்பெர்க்கும் அக்கருத்து தமதன்று என விலகிக்கொண்டார். நமக்கு இது புதிதன்று. இங்கிருந்து மேற்கே நிற்கும் செஞ்சிக் கோட்டையைக் கேளுங்கள். துணியும் மிளகும் வாங்க வந்த கும்பணியருள் பிரெஞ்சுக்காரர் 1750-இல் அதைக் கைப்பற்றினர். 1761-இல் ஆங்கிலேயர் பறித்தனர். வணிகம் முன்னே வந்தது. கோட்டை பின்னே போயிற்று.

கதை அத்தோடு முடிந்ததா? 2020 ஏப்பிரலில் அதே முகநூல் நிறுவனம், 43,574 கோடி உரூபா கொடுத்து, சியோ நிறுவனத்தில் 9.99 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2021-இல், அதன் உள்ளாவணங்களை முன்னாள் பணியாளர் ஒருவரே வெளிப்படுத்தி உலகெங்கும் கண்டனம் எழுந்த வேளையில், அக்டோபர் 28-ஆம் நாள் நிறுவனத்தின் பெயர் 'மெட்டா' ஆயிற்று. மீண்டும் பெயர்! பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா?

கொடையாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது பழமொழி. அண்டை வீட்டான் அன்பால் தந்த மாட்டிற்கு அது பொருந்தும். பெருநிறுவனம் தரும் மாட்டிற்குப் பல்லையும் பாருங்கள். கயிற்றின் மறுமுனை எவன் கையில் என்றும் பாருங்கள். பேசுகின்றவர் யார்? விளம்பரத்திற்குப் பணம் தந்தவர் யார்? சொல்லாமல் விட்டது எது? என் பெயரில் செல்லும் சொல் என்னுடையதா? இந்நான்கு வினாக்களையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.

ஆணையத்திற்கோ அரசுக்கோ எழுத நேர்ந்தால், பொத்தானை அழுத்தாதீர்கள்; நீங்களே எழுதுங்கள். நான்கு வரியாயினும், பிழையிருப்பினும், உங்கள் தமிழில், உங்கள் எண்ணத்தை எழுதுங்கள். அந்த நான்கு வரியை எப்பெருநிறுவனமும் விலைக்கு வாங்கிவிட முடியாது.