மழை பொய்த்தால் முதலில் வற்றுவது பால்

(தோட்டத் தாய்மார்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பஞ்சம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். பிழைக்க வழியற்றோர் பலர் மலாயாவுக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினர். ஆகவே, தொலைதூர நாடொன்றின் பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போதும் நாம் அயலார் கதையைப் பேசவில்லை.

இன்று நாம் எடுத்துக்கொள்வது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள சோமாலியாவில் 2011ஆம் ஆண்டு நேர்ந்த பஞ்சம். 2010ஆம் ஆண்டின் இறுதியில் பெய்ய வேண்டிய மழை பொய்த்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கும் மழையும் போதிய அளவு பெய்யவில்லை. நாட்டின் தென்பகுதியிலோ உள்நாட்டுப் போர். அங்குப் பெரும்பகுதியைத் தன் பிடியில் வைத்திருந்த அல்-ஷபாப் ஆயுதக் குழு, நிவாரண நிறுவனங்கள் பலவற்றுக்குத் தடை விதித்திருந்தது. வானமும் பொய்த்தது, உதவி வரும் வழியும் அடைபட்டது.

பஞ்சம் ஒரு வீட்டுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதைச் சிந்திப்போம். ஆடும் ஒட்டகமும் மாடுமே அம்மக்களின் செல்வம். மேய்ச்சல் நிலம் காய்ந்ததும் கால்நடைகளின் மடி வற்றுகிறது. களஞ்சியத்தில் தானியம் தீருமுன்பே குழந்தையின் கிண்ணத்தில் பால் தீர்ந்துவிடுகிறது. ஊரார் அனைவரும் ஒரே வேளையில் மெலிந்த ஆடுகளை விற்கச் செல்வதால் ஆட்டின் விலை சரிகிறது. சோளத்தின் விலையோ ஏறுகிறது. வயல் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. சந்தையில் தானியம் இருந்தாலும் அதை வாங்கும் சக்தி ஏழையின் கையில் இல்லை. பல பஞ்சங்களின் மூலகாரணம் இதுவே என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார்.

அடுத்து நிகழ்வது தாய்மார்களாகிய நீங்கள் அறியாததன்று. தாய் முதலில் தன் உணவைக் குறைத்துக்கொள்கிறாள். மூன்று வேளை இரண்டாகிறது, இரண்டு ஒன்றாகிறது. கூழ் நாளுக்கு நாள் நீர்த்துப்போகிறது. சிறு குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கூழால் வயிறு நிறையும், உடல் வளராது. மெலிந்த குழந்தையை வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் எளிதில் பற்றுகின்றன. நோய் வந்தால் பசி எடுப்பதில்லை; உண்ணாவிட்டால் நோய் தணிவதில்லை.

2011 ஜூலை 20ஆம் நாள் ஐக்கிய நாட்டு நிறுவனம் தென் சோமாலியாவின் இரு பகுதிகளில் பஞ்சம் நிலவுவதாக அறிவித்தது. ஐந்து குடும்பங்களில் ஒன்றேனும் உணவின்றித் தவிக்க வேண்டும்; நூறு குழந்தைகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும்; பத்தாயிரம் பேரில் நாள்தோறும் இருவரேனும் இறக்க வேண்டும். பொதுவாக இம்மூன்றும் கூடினாலே பஞ்சம் என்று அறிவிக்கப்படுகிறது. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ 2 இலட்சத்து 58 ஆயிரம் பேர் என்றும், அவர்களுள் 1 இலட்சத்து 33 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் பின்னர் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அறிவிப்பு வருமுன்பே அவர்களுள் பெருந்தொகையினர் மாண்டுவிட்டனர். 2022ஆம் ஆண்டு வறட்சியில் பஞ்சம் என்ற அறிவிப்பே வரவில்லை. ஆயினும் அவ்வாண்டில் 43 ஆயிரம் உயிர்கள் கூடுதலாகப் பறிபோயின என்றும், அவற்றுள் பாதி குழந்தைகளுடையவை என்றும் மதிப்பிடப்பட்டது.

காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவால் அளக்கிறார்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. இரு பாதங்களும் வீங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் குழி நின்றாலும் ஆபத்தே. அதைக் கொழுப்பு என்று எண்ணி ஏமாறலாகாது. நிலக்கடலை, பால்மாவு, எண்ணெய், சர்க்கரை, உயிர்ச்சத்துகள் ஆகியன சேர்ந்த பசையை வீட்டிலேயே ஊட்டிப் பல குழந்தைகளைத் தேற்றிவிடலாம். வேறு நோயும் சேர்ந்தவர்களுக்கே மருத்துவமனை தேவைப்படுகிறது.

தாய்மார்களே! நம் தோட்டங்களில் பஞ்சம் இல்லை. ஆயினும், தொடர்மழையால் பால்வெட்டு நின்று சம்பளம் குறையும் மாதங்கள் உண்டு. அம்மாதங்களில் எதைக் குறைத்தாலும் பிள்ளையின் முட்டையையும் நெத்திலியையும் கீரையையும் குறைக்காதீர்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மாதந்தோறும் கிளினிக்கில் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் செய்யுங்கள். எடைக்கோடு சரியத் தொடங்கினால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இராதீர்கள்.

அறிவிப்பு வரட்டும் என்று உலகம் காத்திருந்த வேளையில் சோமாலியாவின் தாய்மார்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கென்யாவின் டடாப் முகாமை நோக்கி நடந்தார்கள். வழியிலேயே பிள்ளையைப் புதைத்தவர்களும் உண்டு. காலந்தாழ்த்தியதன் விலையைப் பிள்ளைகளே செலுத்தினர். அந்தப் பாடத்தை நம் இல்லங்களில் நாம் மறவாதிருப்போமாக.