தனித்தும் துணையுடனும் ஓடியவர்



துவிச்சக்கர வண்டி ஓட்டம் என்றதும் பிரான்சு நாட்டின் நெடுஞ்சாலைகளிலே வீரர்கள் பெருங்கூட்டமாக விரைந்து செல்லும் காட்சியே பலருக்கும் நினைவில் எழும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர், சாலைகளைக் காட்டிலும், கூரை வேய்ந்த மண்டபத்தினுள்ளே மரப்பலகைகளால் அமைந்த ஓடுபாதையிலேதான் பெரும் புகழ் ஈட்டினார். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த கேற்றி ஆர்ச்சிபால்ட் என்னும் வீராங்கனையே அவர். தனித்து ஓடுவதில் ஐரோப்பாவிலே பல ஆண்டுகள் ஈடிணையற்று விளங்கிய இவர், தம் ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் இரண்டையும் பிறரோடு சேர்ந்து ஓடியே பெற்றார். அவ்வாறு நேர்ந்த வரலாறு சுவையானது.

1994 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12 ஆம் நாள் இங்கிலாந்தின் சேட்சி என்னும் ஊரில் அவர் பிறந்தார். வளர்ந்ததோ கிளாஸ்கோ நகரின் அயலிலுள்ள ஒரு சிற்றூரில். அவ்வூரின் பெயரை ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு கூட்டிப் படிப்பவர் 'மில்ங்காவி' என்பர்; அங்குள்ளோர் 'மல்கை' என்றே அழைப்பர். சிறு வயதில் அவர் நீச்சற் போட்டிகளிலேயே ஈடுபட்டிருந்தார். 2011 ஆம் ஆண்டிலேதான் துவிச்சக்கர வண்டிப் பந்தயத்துக்கு வந்தார். அதுவும் மண்டபத்திலன்று, புல்வெளியிலே.

ஸ்கொட்லாந்தின் மேட்டுநில விளையாட்டு விழாக்களைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். மரத்தடி வீசுதல், பாரக்கல் எறிதல், குழலிசை, நடனம் ஆகியவற்றுக்கிடையே புல்தரையில் துவிச்சக்கர வண்டி ஓட்டமும் நடைபெறும். வல்லவரைப் பின்னே நிறுத்திப் புதியவரை முன்னே விட்டுத் தொடங்கும் ஓட்டம் அது. வெல்பவருக்குப் பணப்பரிசு உண்டு. ஈரப்புல்லிலே சில்லு வழுக்காமல் வளைவைக் கடப்பது எளிதான செயலன்று. அத்தரையில் பந்தயம் பழகிய பெண், இரண்டே ஆண்டுகளில், 2013 இல், பிரித்தானியக் குழுவில் இடம்பெற்று ஐரோப்பிய வெற்றிப் பதக்கம் அணிந்தார். அடுத்த ஆண்டு கொலம்பியா நாட்டின் காலி நகரில் உலகப் பட்டமும் கிடைத்தது.

ஓடுபாதை வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறேக் இல்லை. சில்லு சுழலும்வரை மிதிகட்டையும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை ஓய்த்து வைத்துக்கொண்டு வண்டியை ஓடவிட இயலாது. பாதையின் சுற்றளவு 250 மீற்றர். வளைவுகளிலே அது வீட்டுக் கூரைபோல் 45 பாகை அளவுக்குச் சரிந்து நிற்கும். வேகம் குறைந்தால் ஓட்டுநர் கீழே சரிவார்.

இப்பாதையில் நடைபெறும் போட்டிகளுள் மிக எளியது தனிநபர் துரத்தற் போட்டி. பாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருவர் புறப்படுவர். பெண்களுக்கு அக்காலத்தில் தூரம் 3 கிலோமீற்றர். ஒருவரையொருவர் துரத்த வேண்டும்; அவ்வளவுதான். மறைந்து செல்லப் பிறர் முதுகில்லை, சூழ்ச்சிக்கு இடமில்லை. கேற்றி இப்போட்டியில் 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஐரோப்பியப் பட்டம் வென்றார். 2018 இல் அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுப் போட்டியிலும் தங்கம் அவருடையதே. அதே விழாவில் அவருடைய சகோதரர் ஜோன், ஆண்களுக்கான இதே போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்காக ஓடுபவர்கள், நமது நாடும் பங்குபற்றும் பொதுநலவாயப் போட்டிகளில் ஸ்கொட்லாந்தின் நீல உடையை அணிந்து ஓடுவர் என்பதையும் நினைவிற் கொள்க.

ஆனால் அவர் மிக வல்லவராய் இருந்த இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் இல்லை! 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஆண்களுக்கு ஏழு ஓடுபாதைப் போட்டிகளும் பெண்களுக்கு மூன்றுமே இருந்தன. இந்த ஏற்றத்தாழ்வை நீக்கி, இரு பாலாருக்கும் ஐந்து ஐந்து என்று 2012 இல் வகுத்தபோது, தனிநபர் துரத்தற் போட்டி அகற்றப்பட்டது. சமநிலை வேண்டியதே, அதில் மறுபேச்சில்லை. எனினும், ஓட்டுநரின் தனித்திறனைக் கலப்பின்றிக் காட்டும் போட்டியைக் கைவிட்டது சரியான தெரிவா என்ற ஐயம் எனக்கு உண்டு.

எஞ்சியது குழுத் துரத்தற் போட்டி. நால்வர் ஒருவர் பின் ஒருவராக, சில்லுக்கும் சில்லுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல், 4 கிலோமீற்றர் ஓடுவர். முன்னே செல்பவர் காற்றைப் பிளந்து தருவார். பின்வருவோருக்கு உழைப்புக் குறையும். சிறிது நேரத்தில் முன்னவர் சரிவின் மேலேறி இறங்கி வரிசையின் கடைசியில் வந்து சேர்வார். மூன்றாவது சில்லு கோட்டைக் கடக்கும் நேரமே குழுவின் நேரம். ஆகவே ஒருவர் மட்டும் மிகையான வேகத்தைக் காட்டினால், வரிசை அறுந்து குழுவே கெடும். வலிமையை அடக்கிப் பகிர்ந்தளிக்கும் கலை இது. 2015 டிசெம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றிலே முழங்காற் காயமுற்று, அடுத்த ஆண்டின் உலகப் போட்டியை இழந்த கேற்றி, அதே ஆண்டு ஓகஸ்டில் ரியோ நகரில் லோரா ட்ரொட், எலினோர் பாக்கர், ஜோவானா ரௌசல் ஆகியோருடன் இறுதியோட்டத்தில் இறங்கினார். 4 நிமிடம் 10.236 செக்கன், உலக சாதனை. அமெரிக்கக் குழு இரண்டாமிடம் பெற்றது.

இனி மடிசன் ஓட்டம். நியூயோர்க்கிலுள்ள மடிசன் சதுக்கத் தோட்டம் என்ற அரங்கின் பெயரே இதற்கு அமைந்தது. முன்னாளில் அங்கு ஆறு நாட்கள் இடைவிடாது ஓடும் பந்தயங்கள் நடைபெற்றன. களைத்து மயங்கும்வரை மனிதரை ஓடவிடுவது கண்டு, நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஒருவர் ஓடலாகாது என 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சட்டம் பிறந்தது. உடனே இருவர் இருவராக மாறி மாறி ஓடும் வழக்கம் தோன்றியது. துணைவர்களுள் ஒருவர் பந்தயத்தில் ஓட, மற்றவர் பாதையின் மேற்புறத்தில் மெதுவாகச் சுற்றிவருவார். மாறும் வேளையில் ஒருவர் கையை மற்றவர் பற்றி, கவண்கல்லைப் போல் முன்னே வீசிவிட வேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் நெருங்கிப் பாயும் பாதையில் ஒரு கையால் கைபிடியைப் பிடித்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்! பெண்களுக்கு இவ்வோட்டம் உலகப் போட்டிகளில் 2017 இலேதான் முதன்முதலாக அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே எமிலி நெல்சனுடன் சேர்ந்து கேற்றி அப்பட்டத்தை வென்றார்.

ஒலிம்பிக்கில் பெண்களின் முதல் மடிசன் 2021 ஓகஸ்ட் 6 ஆம் நாள், ஓராண்டு தாமதித்து நடைபெற்ற டோக்கியோ விழாவில் ஓடப்பட்டது. மொத்தம் 120 சுற்று. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை புள்ளிகள். கேற்றியின் துணைவி, ரியோவிலே லோரா ட்ரொட் என்ற பெயரில் ஓடி, பின்னர் மணம்புரிந்து லோரா கெனி ஆனவர். இருவரும் தொடக்கத்திலேயே முன்னணியைப் பிடித்தனர், பிறகு விடவில்லை. முடிவில் பிரித்தானியாவுக்கு 78 புள்ளிகள். இரண்டாமிடம் பெற்ற டென்மார்க்குக்கு 35. போட்டி முடியுமுன்னரே முடிவு தெரிந்துவிட்ட ஓட்டம் அது. அதே ஆண்டில் பிரான்சிலுள்ள ரூபே நகரில், நான்கு ஓட்டங்களை ஒன்றாக்கிய ஒம்னியம் போட்டியிலே, துணை யாருமின்றித் தனித்து உலகப் பட்டத்தையும் பெற்றார். அப்பட்டத்தை அவர் முதலில் வென்றது 2017 இல், ஹொங்கொங்கில்.

2022 கொடிய ஆண்டு. விபத்துக்களாலே பேர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியை அவர் இழந்தார். ஓகஸ்ட் மாதத்தில் அவருடைய துணைவரும், மலைப்பாதைச் சைக்கிள் வீரருமான ராப் வார்டெல் ஸ்கொட்லாந்துப் பட்டத்தை வென்ற இரண்டாம் நாளே உறக்கத்தில் இதயம் நின்று காலமானார். அவருக்கு வயது 37. அருகிலிருந்த கேற்றி அவரைக் காக்க முயன்றும் பயனில்லாது போயிற்று. இரண்டு மாதம் செல்லுமுன் அவர் உலகப் போட்டியில் குழுவினருடன் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2023 பெப்ரவரியில் சுவிற்சர்லாந்தில் மூன்று ஐரோப்பியத் தங்கங்கள். அவ்வாண்டு ஓகஸ்டில் உலகப் போட்டி கிளாஸ்கோவுக்கே வந்தது. 2014 பொதுநலவாயப் போட்டியில் அவர் வெண்கலம் பெற்ற அதே சேர் கிறிஸ் ஹோய் ஓடுபாதை மண்டபத்தில், நியூசிலாந்தை வென்று பிரித்தானியக் குழு உலகப் பட்டம் பெற்றபோது, சொந்த ஊரார் அவருக்காக ஆரவாரித்தனர்.

பாரிசு ஒலிம்பிக்குக்கு ஒரு மாதமளவே இருக்கையில், 2024 ஜூனில், வீட்டுத் தோட்டத்துப் படியொன்றில் இடறி விழுந்து காலெலும்புகள் இரண்டும் முறிந்தன. பிறேக்கில்லாத வண்டியில் இத்தனை ஆண்டுகள் ஓடியவருக்கு அந்த ஒலிம்பிக்கைப் பறித்தது ஒரு படிக்கட்டு! அவரில்லாமல் ஓடிய குழு பாரிசில் வெண்கலம் பெற்றது. அவ்வாண்டு முடியுமுன்னரே அவர் மீண்டும் மரப்பாதையில் பந்தயம் ஓடினார்.