இல்லாத வைப்புப் பணம்



கம்பனி என்பது பலருடைய பணத்தைச் சிலர் கையில் ஒப்புவித்து நடத்தும் ஏற்பாடு. பங்கு வாங்கியவர் அலுவலகத்தைக் கண்டிருக்கமாட்டார். தலைவரின் முகத்தையும் அறியார். ஆண்டுதோறும் வரும் கணக்கறிக்கை ஒன்றே அவருக்குக் கண். அவ்வறிக்கையே பொய்யானால் என்ன நேரும் என்பதற்கு, இந்தியாவின் ஐதராபாத்தில் இயங்கிய சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்னும் கம்பனியின் கதை தக்க சான்று.

1987 இல் இராமலிங்க ராஜு தொடங்கிய இக்கம்பனி, கணினி மென்பொருள் துறையில் இந்தியாவின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நியூயோர்க் பங்குச் சந்தையிலும் அதன் பங்குகள் விலைபோயின. கம்பனியைச் செம்மையாக நிருவகித்தமைக்கென 2008 இல் அதற்கு விருதொன்றும் வழங்கப்பட்டது!

அதே ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள், ராஜு குடும்பத்தாருக்குரிய இரு கம்பனிகளை ஏறத்தாழ 160 கோடி டொலருக்கு வாங்கச் சத்யத்தின் பணிப்பாளர் சபை தீர்மானித்தது. ஒன்று கட்டுமானம் செய்வது. மற்றது நிலமும் வீடும் விற்பது. மென்பொருள் எழுதுபவர்களுக்கு இவை எதற்கு? வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட கல்விமான்களும் அச்சபையில் இருந்தார்கள். எனினும் தீர்மானம் நிறைவேறியது. பங்குதாரர்களே வெகுண்டெழுந்தார்கள். நியூயோர்க்கில் பங்கு விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. சில மணி நேரத்துள் தீர்மானம் கைவிடப்பட்டது.

மூன்று வாரங்கள் கழிந்தன. 2009 ஜனவரி 7 ஆம் நாள் ராஜு சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். கையிலும் வங்கியிலும் உள்ளதாக ஏட்டிற் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி கற்பனை என்று அதிற் கண்டிருந்தது. ஒரு காலாண்டில் 649 கோடி என்று காட்டிய தொழில் இலாபம் உண்மையில் 61 கோடியே. குடும்பக் கம்பனிகளை வாங்க முனைந்ததும், பொய்ச் சொத்தின் இடத்தில் மெய்ச் சொத்தை வைப்பதற்கான கடைசி முயற்சியாம்.

வரவேண்டிய கடன் வருமா, வராதா என்பதில் கருத்து வேறுபடலாம். வங்கியில் உள்ள பணத்தில் அதற்கு இடமில்லை. வங்கிக்கு நேரே ஒரு கடிதம் எழுதினாற் போதும். ஆயினும் கணக்காய்வாளர்கள், வங்கி தந்ததாகக் கம்பனியே கொடுத்த தாள்களை நம்பினார்கள். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் கணக்கைப் பார்க்க வருபவர்கூட முதலிற் காசுப்பெட்டியைத் திறந்து எண்ணுவார்.

சிறிய இடைவெளியாகத் தொடங்கியது ஆண்டுதோறும் பெருத்துவிட்டது; புலிமேல் ஏறியவன் இறங்க வழியறியாது தவிப்பதுபோல் ஆயிற்று என்று ராஜு எழுதினார். தாம் ஒரு காசும் எடுக்கவில்லை என்றும் சொன்னார். இதை எளிதாக ஏற்பதற்கில்லை. அவர் குடும்பத்தார் தம் பங்குகளை ஈடுவைத்துக் கடன் பெற்றிருந்தார்கள். அப்பங்குகளின் விலையைத் தாங்கி நின்றது அந்தப் பொய்க்கணக்கே. 2015 ஏப்ரிலில் ஐதராபாத் நீதிமன்றம் அவரையும், இரு கணக்காய்வாளர் உட்பட வேறு ஒன்பதின்மரையும் குற்றவாளிகளாகக் கண்டு ஏழாண்டுச் சிறை விதித்தது. மறுமாதமே மேன்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட, அவர்கள் பிணையில் வெளிவந்தார்கள்.

பங்கு வாங்கியவரின் நிலை என்ன? கடிதம் வெளியான அன்று, சுமார் 179 ரூபாயாக இருந்த பங்கு சுமார் 40 ரூபாயாக வீழ்ந்தது. ஓய்வூதியப் பணத்தை அதில் இட்டிருந்தவருக்கு நாலில் மூன்று பங்குக்கு மேல் ஒரே பகலிற் போயிற்று. நியூயோர்க்கிற் பங்கு வாங்கியோர் ஒன்றுசேர்ந்து வழக்காடினர். 2011 இல் பன்னிரண்டரைக் கோடி டொலர் கொடுத்து அவ்வழக்கைத் தீர்க்கக் கம்பனி இணங்கியது. இந்தியாவிலோ, பங்குதாரர் எல்லோருக்குமாகச் சிலர் அவ்வாறு நட்டஈட்டு வழக்குத் தொடர அன்றைய கம்பனிச் சட்டத்தில் வழியிருக்கவில்லை. அவ்வுரிமைக்கு வகைசெய்யும் புதிய சட்டம் 2013 இல் இயற்றப்பட்டபோது, சத்யம் வேறொரு கம்பனிக்குக் கைமாறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.